ட்ரூபல் 7ஐ விட்டு வெளியேறிய ஒரு மலையக இணையத்தளம்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்கு அண்மையில் இயங்கும் ஒரு கல்வி உதவி அமைப்பின் தளம் இது. சுற்றிவரவுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துவது, க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) பரீட்சை எழுதும் மாணவருக்குக் கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டிக் கொடுப்பது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுக்க வழிகாட்டுவது, பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை எந்தத் தோட்டப் பிரிவுக்கு (டிவிஷனுக்கு) எப்போது வருகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பது ஆகியவை அதன் வேலை. சம்பளத்துக்கு இருப்பவர் ஓர் எழுதுவினைஞர் மட்டும். மற்ற எல்லோரும் தொண்டர்கள்.

தளம் 2013இல் ட்ரூபல் 7இல் கட்டப்பட்டது. இணையத்தளத்தைக் கட்டி, அதன் பதிவுகளை நிர்வகிக்க உதவும் மென்பொருள் அது. கட்டிய தொண்டர் இரண்டு வருடத்தில் வெளிநாடு போய்விட்டார். அவர் செய்த வேலை தரமானதுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பாதை, ஆவணங்களுக்கு ஒழுங்கான வகைப்பாடு, எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது, அதைத் தொட்டுப் பழகிய இரண்டாவது ஆள். பத்து வருடத்தில் பதிவுகள் 400ஐத் தாண்டின, பிடிஎஃப் ஆவணங்கள் 230 அளவில் சேர்ந்தன. இற்றைப்படுத்தல் மட்டும் நடக்கவில்லை.

ஹோஸ்டிங், ரூபாவில் கட்டணம் செலுத்தும் சாதாரணப் பகிர்வு வழங்கி. வழங்கியை உலாவியிலிருந்து நிர்வகிக்கும் சிபேனல் உண்டு, கட்டளைகளைத் தட்டி இயக்கும் கட்டளைத்திரை கிடையாது. இந்த ஒரு விடயம் பின்னால் பெரிய முடிவொன்றைத் தீர்மானித்தது.

## 2024 ஏப்ரல்: வெள்ளைத் திரை

ட்ரூபல் ஓடுவது பிஎச்பி என்ற நிரல்மொழியில். ஹோஸ்டிங் நிறுவனம் அதன் 7.4ஆம் பதிப்பை நிறுத்திவிட்டு 8.1க்கு மாற்றியது. 7.4க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்திருந்தபடியால் அதைக் குறை சொல்ல இடமில்லை. மறுநாள் காலை தளம் வெறும் வெள்ளைத் திரையாக இருந்தது. ட்ரூபல் 7இன் மையப்பகுதி பிற்காலப் பதிப்புகளில் பிஎச்பி 8ஐத் தாங்கும்படி திருத்தப்பட்டிருந்தது. ஆனால் இந்தத் தளத்தில் மையமும் பழையது, கூடுதல் வசதிக்காக அதோடு சேர்த்த 20க்கு மேற்பட்ட நீட்சிகளும் பழையவை.

தற்காலிகமாகப் பழைய பிஎச்பிக்குத் திரும்ப நிறுவனம் இடம் கொடுத்தது. அதற்குள் இன்னொரு திகதியும் கண்ணில் பட்டது: ட்ரூபல் 7க்கான அதிகாரபூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5உடன் முடிகிறது. பலமுறை தள்ளிப்போட்ட திகதி அது, இம்முறை தள்ளவில்லை.

7இலிருந்து 10க்குப் போவது வழமையான இற்றைப்படுத்தல் அல்ல. 2015இல் வந்த 8ஆம் பதிப்பு உள்ளமைப்பையே மாற்றியது. ஆகவே புதுத் தளத்தை நிறுவி, பழையதிலிருந்து உள்ளடக்கத்தை இடம்மாற்ற வேண்டும். எப்படியும் புதிதாகக் கட்டத்தான் வேண்டுமென்றால் ட்ரூபலிலேயே இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. நியாயமான கேள்வி.

## மே, ஜூன்: உள்ளே இருந்ததைக் கணக்கெடுத்தல்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதென்று குழு முடிவெடுத்தது. எரிச்சலூட்டும் வேலைதான், ஆனால் முழுத் திட்டத்திலும் இதைவிடப் பயன் தந்த வேலை வேறில்லை.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதிவுகள் ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. எழுதுவினைஞரின் கணினியில் வேர்ட் கோப்புகள் பாமினியில் தட்டப்பட்டு, அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. தளத்தின் பாணிக்கோப்பு பாமினி எழுத்துருவை வாசகருக்கு அனுப்பியதால் கணினித் திரையில் தமிழ் தெரிந்தது. தரவுத்தளத்தில் உண்மையில் இருந்தவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறிதான். எழுத்துரு இறங்காத கைபேசியில் அது வெறும் குப்பையாகத் தெரியும். கூகுளுக்கு அது தமிழே இல்லை. "புலமைப்பரிசில்" என்று தேடியவருக்கு இந்தப் பதிவுகள் ஒருநாளும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

ஒருங்குறியில் இருந்தவற்றிலும் பிசகுகள் இருந்தன. பெரிய தொல்லை ஔகாரம். "கௌரவ" என்பதில் வரவேண்டியது ஒற்றை உயிர்க்குறி. பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டி "கெளரவ" என்று எழுதியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. மலையகத் தளமொன்றில் மலையகத் தமிழர் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் எத்தனை இடத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. சரியாக எழுதித் தேடினால் அதில் பாதிதான் வந்தது.

மூன்றாவதாக, கொஞ்ச காலமாகவே தொண்டர்கள் முறையிட்டுவந்த ஒன்றின் காரணம் பிடிபட்டது. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டும் சில அறிவித்தல்கள் சேமிக்கும்போது பிழை காட்டி நின்றுவிடும், சில ஒழுங்காகப் போகும். பழைய தரவுத்தளம் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரை மட்டுமே இடம் கொடுக்கும் அமைப்பில் இருந்தது. தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் போதும். முகக்குறிக்கு நான்கு வேண்டும். தமிழ் சரியாகப் போனபடியால் ஒருவரும் எழுத்துத்தொகுதியைச் சந்தேகிக்கவில்லை. அறிவித்தலின் அடியில் கிடந்த ஒரு கைகூப்பும் படம்தான் முழுப் பதிவையும் தடுத்திருக்கிறது.

## ஜூலை முதல் செப்டெம்பர்: நான்கைப் பரீட்சித்தல்

தெரிவுக்கு வந்தவை வேர்ட்பிரஸ், ஜூம்லா 5, ட்ரூபல் 10, மற்றும் ஹியூகோ. கடைசியானது தரவுத்தளம் இல்லாமல் நிலையான பக்கங்களை உருவாக்கித் தருவது. நான்கும் திறந்த மூலம், நான்கும் இலவசம்.

வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டுப் புள்ளி போடும் வழமையான முறை கைவிடப்பட்டது. அப்படிப் போட்டால் ட்ரூபலே வெல்லும் என்பது தெரிந்த விடயம். அதற்குப் பதிலாக, பின்னர் உண்மையில் தட்டப்போகிற மூவருக்கு ஒரே ஐந்து வேலைகள் கொடுக்கப்பட்டன. அந்த மூவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுதுவினைஞர், உயர்தரம் முடித்த இளைஞர் ஒருவர். வேலைகள்: ஒரு தமிழ் அறிவித்தலை எழுதி வெளியிடுதல், கைபேசியில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்தல், அதே அறிவித்தலின் சிங்கள வடிவத்தை இணைத்தல், பழைய பதிவொன்றின் திகதியைத் திருத்துதல், ஒரு பிடிஎஃப்பை நீக்கி வேறொன்றை வைத்தல். எல்லாம் அவரவர் கைபேசியில், வீட்டிலிருந்து, மொபைல் டேட்டாவில். மழைநாளில் சிக்னல் விட்டுவிட்டு வருவதும் பரீட்சையின் ஒரு பகுதிதான்.

ஹியூகோ முதல் நாளே போனது. மெதுவான இணைப்புக்கு அதைவிட இலேசான தளம் கிடையாது, பாதுகாப்பிலும் தொல்லை குறைவு. ஆனால் எழுதுவதற்குத் திரையொன்றும் அதனுடன் வருவதில்லை, கோப்பாகத் தட்டி ஏற்ற வேண்டும். "இதுல எங்க தம்பி எழுதுறது?" என்று ஆசிரியை கேட்டதோடு அது முடிந்தது.

ஜூம்லாவின் பலம், பன்மொழி வசதி நீட்சி எதுவும் இல்லாமல் மையத்திலேயே இருப்பது. யார் எதைத் தொடலாம் என்ற அனுமதிக் கட்டுப்பாடும் நுணுக்கமானது. இடறியது இரண்டு இடத்தில். ஒவ்வொரு மொழிக்கும் தனி மெனு, அதில் தனி முகப்பு உருப்படி, பிறகு பதிவுக்குப் பதிவு தொடர்பு என்று அடுக்கிவைத்த முறை மூவருக்கும் பிடிபடவில்லை. மற்றது பதிவின் இணைய முகவரி. ஜூம்லாவின் இயல்பு அமைப்பில் தலைப்பை ரோமன் எழுத்தாக்கித்தான் முகவரி செய்யும். தமிழ்த் தலைப்பில் ரோமனாக எதுவும் மிஞ்சாதபோது அன்றைய திகதியையும் நேரத்தையும் முகவரியாக வைத்துவிடும். பொது அமைப்பில் ஒருங்குறி முகவரியை இயக்கினால் இது தீரும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளவே தொழில்நுட்பத் தொண்டருக்கு ஒரு மாலை போனது.

ட்ரூபல் 10 அமைப்பில் நேர்த்தியானது. ஒரே பதிவுக்குள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் மொழிபெயர்ப்புகளாக உட்காரும். ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்து வெளியிடும் ஒழுங்கும் மையத்திலேயே உண்டு. எல்லாம் அமைத்துக் கொடுத்தபின் மொழிபெயர்ப்பு வேலையை மூவரும் மிக இலகுவாகச் செய்தது இதில்தான்.

சிக்கல் பராமரிப்பில். ட்ரூபல் 10ஐ இற்றைப்படுத்துவது கம்போசர் என்ற கருவியால், கட்டளைத்திரையில். வழங்கியில் கட்டளைத்திரை இல்லாதபடியால் மடிகணினியில் இற்றைப்படுத்தி, மாறிய கோப்புறைகளை எஃப்டிபி என்ற கோப்பேற்றும் முறையில் வழங்கிக்கு ஏற்ற வேண்டும். ஒத்திகை பார்த்தபோது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் போய்க்கொண்டிருக்கையில் இணைப்பு அறுந்தது. பாதி புதியதும் பாதி பழையதுமாகப் பரீட்சைத் தளம் நின்றது. இதுவே உண்மையான தளத்தில், அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் கொழும்பில் வேலையில் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையில் நடந்தால்? பத்து வருடத்துக்கு முன் நடந்ததும் இதுதானே.

வேர்ட்பிரஸில் முதல் அறிவித்தலை மூவரும் உதவியில்லாமல் வெளியிட்டார்கள். மையத்தின் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும். பன்மொழி மட்டும் மையத்தில் இல்லை, நீட்சி வேண்டும். கைபேசி உலாவியில் அதன் தொகுப்பித்திரை கனமானது என்பதும் உண்மை. இளைஞர் செயலியில் எழுதினார், மற்ற இருவரும் வாட்ஸ்அப்பில் தமக்குத்தாமே எழுதி அனுப்பி, அதை எடுத்து ஒட்டினார்கள். அந்த வழியே நிலைத்தது.

தேடலிலும் எதிர்பாராத வித்தியாசம் ஒன்று தெரிந்தது. ட்ரூபலின் மையத் தேடல் முழுச் சொற்களாக அட்டவணை போடுவது. "தோட்ட" என்று தேடினால் "தோட்டத்தில்" வராது. வேர்ட்பிரஸ் தேடுவது எழுத்துக்கோவையை, அது சொல்லின் நடுவில் இருந்தாலும் சரி. ஆங்கிலத்துக்கு இது முரட்டு முறை. விகுதி ஏறி ஏறி நீளும் தமிழுக்கு இந்த முரட்டு முறைதான் கைகொடுக்கிறது.

## ஒக்டோபர்: முடிவும் நிபந்தனைகளும்

வேர்ட்பிரஸ் தெரிவானது. நான்கில் சிறந்தது என்பதால் அல்ல. கட்டமைப்பில் ட்ரூபல் மேல் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடே இருக்கவில்லை. அதை அறிந்த ஒருவர் விலகினாலும் அடுத்த மாதம் இற்றைப்படுத்தல் நடக்குமா என்ற ஒரே கேள்விக்கு இந்த வழங்கியில் ஆமென்று சொல்ல முடிந்தது வேர்ட்பிரஸுக்கும் ஜூம்லாவுக்கும் மட்டும். அந்த இரண்டில் தட்டுபவர்கள் விரும்பியது முதலாவதை.

முடிவெடுக்கும் அதே வாரங்களில்தான் வேர்ட்பிரஸின் இணை நிறுவனர் ஒருவருக்கும் ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கு வெடித்திருந்தது. 2024 செப்டெம்பரில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நீட்சிக் களஞ்சியம் மறிக்கப்பட்டது. ஒக்டோபரில் பரவலாகப் புழங்கிய தனிப்புல நீட்சியொன்று களஞ்சியத்தில் வேறு பெயரில் கையேற்கப்பட்டது. மூலம் திறந்திருந்தாலும் விநியோகக் கதவு ஒரு கையில் இருக்கலாம் என்பதை எல்லோரும் அப்போது கண்டார்கள். முடிவு மாறவில்லை, நிபந்தனைகள் இறுகின.

நீட்சிகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. பக்கங்களை இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் எதுவும் கூடாது: அவை உள்ளடக்கத்தைத் தமக்கே உரிய வடிவில் வைத்துக்கொள்ளும், நீட்சியை நிறுத்தினால் பதிவு சிதறிப்போகும். எழுதியது எல்லாம் வேர்ட்பிரஸின் சொந்தப் பதிவுப் புலத்திலேயே இருக்க வேண்டும், நாளை வேறெங்காவது போக வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு போகத்தக்கதாக.

டொலரில் வருடச் சந்தா எதுவும் கூடாது என்பது கடைசி நிபந்தனை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. அந்த வருடம் வெளிநாட்டுச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த எந்தச் சிறு அமைப்புக்கும் விளக்கம் தேவையில்லை. இதனால் பன்மொழிக்குக் கட்டண நீட்சி நீங்கி, பொலிலாங் என்ற நீட்சியின் இலவச வடிவம் வந்தது. அதில் ஒரு குறை உண்டு. ஒரே முகவரிச் சொல்லை மூன்று மொழிக்கும் பகிர்வது கட்டண வடிவில்தான். இலவச வடிவில் இரண்டாவது மொழியின் முகவரிக்குப் பின்னால் தானாக ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். எனவே முகவரியின் கடைசியில் மொழிக்குறியைக் கையாலேயே சேர்ப்பதென்று வழக்கம் வகுக்கப்பட்டது.

எழுத்துருவை வாசகருக்கு அனுப்புவதும் நிறுத்தப்பட்டது. இன்றைய கைபேசிகளில் தமிழும் சிங்களமும் உள்ளேயே இருக்கின்றன.

## நவம்பர், டிசெம்பர்: இடமாற்றம்

முதல் வேலை மூலத் தரவுத்தளத்தின் முழுப் பிரதி. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் எழுத்துத்தொகுதி ஒன்றாக இருக்கிறதா என்று ஐந்து பதிவை வைத்து முதலில் பார்க்கப்பட்டது. தமிழ் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் பெரும்பாலும் மீட்கலாம், தவறான வாசிப்பைத் திருப்பினால் போதும். வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்து அப்படியே சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பிரதியில் எழுத்து போனது போனதுதான். புதிய தளம் நான்கு பைட் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4இல் நிறுவப்பட்டது.

பாமினிப் பதிவுகளை, ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் (மாற்றியில்) மொத்தமாகப் போட்டபோது மின்னஞ்சல் முகவரிகளும் ஆங்கிலச் சொற்களும்கூடத் தமிழெழுத்துக் குவியலாகின. மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. இரண்டாம் சுற்றில், பாமினி என்று எழுத்துரு குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் பிரித்து மாற்றும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டது. எழுத்துருக் குறி இல்லாத 30 அளவிலான பதிவுகளை எழுதுவினைஞர் கையால் சரிசெய்தார்.

அடுத்து, ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருப்பதை ஒன்றாக்குதல். "கொ" என்பது ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். என்எஃப்சி என்ற சீராக்கம் இதை ஒருமிக்கச் செய்துவிடும். ஔகாரப் பிழையை அது தொடாது, ஏனென்றால் ளகரம் உண்மையிலேயே வேறெழுத்து. அதற்காகக் கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியை மாற்றிப்போட்டால் "தெளிவு", "வெள்ளம்", "வெளியீடு" எல்லாம் சிதையும். பயன்பட்ட விதி இது: அந்த ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே, வராவிட்டால் மட்டும் பட்டியலிட்டுக் காட்டு. பட்டியலில் வந்த "கெளரவ", "மெளன", "பெளத்த", "செளமிய" போன்றவற்றைக் கண்ணால் பார்த்து மாற்றினார்கள். ஒரு மாலை வேலை.

பெரிய தவறு நடந்தது இதற்குப் பிறகு. ஒட்டிய பதிவுகளில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறிகள் நிறையக் கிடந்தன, தேடலை அவையும் கெடுத்தன. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நீக்கினார்கள். தமிழுக்கு நன்மைதான். சிங்களத்தில் அவற்றுள் ஒன்று, பூச்சிய அகல இணைப்பி, எழுத்தின் பகுதி. அது இல்லாவிட்டால் "ஸ்ரீ லங்கா" என்ற சிங்களச் சொல்லின் முதலெழுத்தே உடைந்து தெரியும். நாட்டின் பெயர் பிழையாகக் கிடக்கும் ஒரு தளத்தை வெளியிட இரண்டு நாள் இருக்கையில், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்த சிங்கள ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். சிங்களப் பதிவுகள் மட்டும் முந்தைய பிரதியிலிருந்து மறுபடி இறக்கப்பட்டன. தமிழ்ப் பயனாளிகள் மட்டும் சோதித்திருந்தால் இது வெளியே போயிருக்கும்.

பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பப்பட்டன. ஒவ்வொரு பதிவின் பழைய எண்ணும் புதிய பதிவோடு சேமிக்கப்பட்டிருந்ததால் திருப்புப் பட்டியலை ஸ்கிரிப்ட்டே எழுதிக்கொடுத்தது. டிசெம்பர் கடைசி வாரத்தில் புதிய தளம் வெளியானது.

## 2025: அடுத்த எட்டு மாதங்கள்

எழுதுவோர் தொகை மூன்றிலிருந்து ஏழானது. முன்பு எழுதுவினைஞரின் மேசைக்கு வந்து தங்கிய அறிவித்தல்கள் இப்போது அந்தந்த டிவிஷனிலிருந்தே ஏறுகின்றன. தெரிவு சரியானது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் குழுவுக்குத் தேவைப்படவில்லை. பிரச்சினைகள் வந்தன, பரீட்சையில் பார்க்காத இடங்களிலிருந்து.

முதலாவது முகவரி. ரோமன் எழுத்தில் குறுகிய முகவரியைக் கையால் போட வேண்டும் என்பது வழக்கம், ஆனால் மறந்துபோகும். மறந்தால் வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், பைட் ஒன்று வீதக்குறியோடு (%) மூன்று எழுத்தாகச் சேமிக்கப்படும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. முகவரிப் புலத்தின் எல்லை 200. எனவே 22 குறிக்கு மேல் தாங்காது, அதில் புள்ளியும் விசிறியும் (இகர, ஈகார உயிர்க்குறிகளும்) தனித்தனிக் குறிகள். "கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தர" என்று தொடங்கும் அறிவித்தலின் முகவரி "கல்விப்-பொதுத்-தராதரப்-ப" என்பதோடு வெட்டுப்படும். உயர்தர அறிவித்தலும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். பெப்ரவரிக்குள் ஒரே முகவரிக்குப் பின்னால் 2, 3, 4 என்று எண் ஏறியவை பத்துக்கு மேல் சேர்ந்தன. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப்பக்கத்துக்கு வீதக்குறியும் எண்ணுமாக நீண்டன. சாதாரண தர இணைப்பென்று நினைத்து உயர்தர இணைப்பைப் பகிர்ந்தவர்களும் உண்டு. இப்போது, ரோமன் முகவரி இல்லாத தமிழ்ப் பதிவு வெளியிடப்படும்போது பதிவு எண்ணை முகவரியாக வைக்கும் பத்து வரி நிரலொன்று ஓடுகிறது.

இரண்டாவது படங்கள். கைபேசிப் படமொன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் மூலத்தை வைத்துக்கொண்டு 2560 புள்ளிக்குச் சுருக்கிய ஒன்றையும், அதற்குக் கீழ் 150, 300, 768, 1024, 1536, 2048 அளவுகளையும் செய்யும். ஒரு படம் எட்டுக் கோப்பு. ஏப்ரலில் ஹோஸ்டிங் திட்டத்தின் கோப்பு எண்ணிக்கை எல்லை முட்டியது. இடம் இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருந்ததால் முதலில் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. 1536, 2048 இரண்டையும் நிறுத்தி, ஏற்றுமுன் படத்தைக் கைபேசியிலேயே சிறிதாக்கும் வழக்கமும் வந்தது.

மூன்றாவது, நேரம் குறித்து வைத்த அறிவித்தல்கள். காலை 5 மணிக்கு வெளியாக வேண்டியவை எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வந்தன. வேர்ட்பிரஸின் உள்மணி, யாராவது தளத்தைத் திறக்கும்போது மட்டுமே அடிக்கும். இரவு முழுக்க ஒருவரும் வராத சிறு தளத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும். உள்மணியை நிறுத்தி, சிபேனலில் 15 நிமிடத்துக்கொருமுறை ஓடும் பணியாக மாற்றியபின் சரியானது.

அனுமதிகளிலும் ஒரு சறுக்கல். புதியவர்களுக்குப் "பங்களிப்பாளர்" நிலை கொடுக்கப்பட்டது, எழுதியதை ஒருவர் பார்த்து வெளியிடட்டும் என்று. அந்த நிலையில் படம் ஏற்ற முடியாது. படம் இல்லாத அறிவித்தலை யாரும் எழுத விரும்பவில்லை. அடுத்த நிலையான "எழுத்தாளர்" படமும் ஏற்றலாம், தானே வெளியிடவும் செய்யலாம். ஏழு பேரையும் அந்த நிலைக்கு உயர்த்தி, மேற்பார்வையை வாட்ஸ்அப் குழுவுக்கு விட்டுவிட்டார்கள். ட்ரூபலில் இருந்த ஒழுங்கை இழந்தது இந்த இடத்தில் தெரிகிறது.

தேடலில் "தோட்டம்" என்று முழுச்சொல் தட்டினால் "தோட்டத்தில்" கிடைக்காது, மகரம் விகுதியில் மறைந்துவிடுகிறது. தேடல் பெட்டிக்குக் கீழே "சொல்லின் முதற்பகுதியை மட்டும் எழுதுங்கள்" என்று ஒரு வரி போடப்பட்டது. அதைப் பெரும்பாலானோர் வாசிப்பதில்லை.

## மறுபடி செய்தால் மாறுபவை

பரீட்சைக் காலத்தில் ஐந்து வேலைகள் கொடுத்தது சரி. ஆனால் மூவரும் ஆளுக்கு ஓர் அறிவித்தல்தான் எழுதினார்கள். ஒரே மாதிரித் தொடங்கும் 20 தலைப்புகளை, உண்மையான பழைய அறிவித்தல்களிலிருந்தே எடுத்து ஏற்றியிருந்தால் முகவரி வெட்டுப்படுவது முதல் நாளே தெரிந்திருக்கும். படங்களும் அப்படியே: இரண்டு அல்ல, இருநூறு ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

சிங்கள வாசகர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும், கடைசி வாரத்தில் அல்ல. எழுத்துகளைச் சுத்தம் செய்யும் எந்த நிரலும் மொழிவாரியாகத்தான் ஓட வேண்டும்.

பேக்கப் மாதமொருமுறை எடுக்கப்படுகிறது, தரவுத்தளமும் படக் கோப்புறையும் சேர்த்து. ஆனால் அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தது ஜூலையில்தான், முதல் தடவையாக. தமிழில் பெயரிட்ட சில பிடிஎஃப்கள் சுருக்கக் கோப்பிலிருந்து விரிக்கும்போது பெயர் சிதைந்து, இணைப்புகள் அறுந்தன. அதற்குப் பிறகு கோப்புப் பெயர்கள் ரோமன் எழுத்திலும் திகதியிலும் மட்டும். இந்த விதி ஜனவரியில் இருந்திருந்தால் 60 கோப்புகளுக்குப் பெயர் மாற்ற வேண்டியிருந்திராது.

பழைய பிடிஎஃப்கள் 230இல் பெரும்பாலானவை இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. அவற்றின் உள்ளே எதையும் தேட முடியாது. ஒவ்வொன்றுக்கும் வருடம், பாடம், தவணை மூன்றையும் ஒருங்குறியில் தலைப்பாகத் தட்டும் வேலையை உயர்தர மாணவர் இருவர் சனிக்கிழமைகளில் செய்கிறார்கள். ஓகஸ்ட் முடிவில் 90 முடிந்திருந்தது.